படுத்துக் கிடந்த பாட்டில்

ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக்குக்கும் அவருடைய அண்ணனுக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சொத்துத் தகராறெல்லாம் கிடையாது. ஒரு பாட்டில் சிவப்பு ஒயின். இருவரும் சேர்ந்து வாங்கியது, சேர்ந்துதான் திறப்பது என்று ஒப்பந்தம். தம்பி வீட்டு நிலவறையில் வைக்கப் போன அன்று, படுக்க வைத்தால்தான் கார்க் நனைந்தபடி காயாமல் இருக்கும் என்றார் அண்ணன். முப்பது வருடம் லிஃப்டுகளை நேராக ஓடவைத்தே பிழைத்த தம்பி, எதுவும் செங்குத்தாக நின்றால்தான் மரியாதை என்றார். வாய்ச்சண்டை முற்றியது. அண்ணன் கதவைச் சாத்திய சாத்தலில் நாலு தெரு தள்ளியிருந்த பூனைகள் வீடு மாறின.

அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் தம்பி கீழே இறங்கி பாட்டிலைப் படுக்க வைத்துவிட்டார். அண்ணன் சொன்னதுதான் சரி என்று கைக்குத் தெரிந்திருந்தது; வாய்க்கு வரவில்லை. மாதம் தவறாமல் டார்ச்சோடு போய்ப் பார்த்து, வேலைப் பழக்கத்தில் ஒரு அட்டையில் 'படுத்த நிலை, சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

இந்த ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு அண்ணனையும் அண்ணியையும் அழைத்தது மெக்கானிக்கின் மனைவி. மெக்கானிக் டார்ச்சை எடுத்துக்கொண்டு நிலவறைக்கு இறங்கினார். குட்டு உடைந்தால், பிறகு எதற்குடா பதினோரு வருஷம் என்று அண்ணன் கேட்பார். கேட்டுவிட்டு எழுந்தும் போவார். இன்னொரு முறை எழுந்து போனால் திரும்பி வருகிற வயசும் அண்ணனுக்கு இல்லை.

பாட்டிலின் ஒரு பக்கம் மட்டும் கம்பளி போர்த்தியதுபோல் தூசி. அதைத் துடைத்தார், அட்டையைச் சட்டைப் பையில் ஒளித்தார். மனைவி படியில் நின்று, கேட்டால் என்ன சொல்வதாக உத்தேசம் என்று விசாரித்தாள்.

"நின்னுச்சுன்னு சொல்வேன்."

"பதினோரு வருஷம் நின்னா அதுக்கும் கால் வலிச்சிருக்கும்."

மேஜையில் அண்ணன் பாட்டிலைத்தான் முதலில் பார்த்தார். "நிக்கவா வெச்சிருந்தே?"

"ஆமாண்ணே. தூண் மாதிரி."

மூத்தவர் என்ற முறையில் கார்க் திருகியை வாங்கி அண்ணனே திறந்தார். காய்ந்திருந்தால் பொடிப்பொடியாக வந்திருக்க வேண்டிய கார்க், ஒரு துகள் உதிராமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் நுனி ஈரமாக, கருஞ்சிவப்பாக இருந்தது. தூசியைத் துடைத்த மெக்கானிக் கார்க்கை மறந்திருந்தார். இப்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி எட்டிப் பார்த்து, காய்ந்து போய்விட்டதா என்று கேட்டாள். அண்ணன் கையை மூடிக்கொண்டார். கார்க் அவருடைய வெள்ளைச் சட்டைப் பைக்குள் போனது.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். "நிக்க வெச்சதுல ஒண்ணும் கெட்டுப் போயிடல."

ஒயின் ஊற்றப்பட்டது. முதல் கோப்பை முடிவதற்குள் அண்ணனின் பையில் சிவப்பாக ஒரு பொட்டு ஊறிவிட்டது. பார்க்காதவர் யாருமில்லை; வாயைத் திறந்தது மெக்கானிக் மட்டும்.

"சட்டையக் குடுண்ணே, ஊற வெச்சுடலாம்."

"கெடக்கட்டும்டா," என்றார் அண்ணன். "நிக்க வெச்சே துவைச்சுக்கிறேன்."