தலையாட்டிய பதில்

கல்லூரி விடுதியிலிருந்து யுவஸ்ரீ கொண்டுவந்த சீட்டுக்கட்டில் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு கேள்விதான் அச்சாகியிருந்தது. எடுத்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க வேண்டும், அவர் ஒளிக்காமல் பதில் சொல்ல வேண்டும். வீட்டில் மூன்று பேரும் மனம்விட்டுப் பேசத்தான் இந்த ஆட்டம் என்றாள்.

அவள் அப்பன் சிவக்குமாருக்கு இந்த ஆட்டமே பிடிக்கவில்லை. அவனுடைய இடது காது செத்து இரண்டு வருடமாகிறது. வருடத்தில் எட்டு மாதம் வடக்கே, ரிக் வண்டியில் கம்ப்ரசருக்குப் பக்கத்திலேயே நின்று ஆழ்துளைக் கிணறு போட்டதற்குக் கிடைத்த பரிசு. தெரிந்தால் முதலாளி அடுத்த நடைக்கு ஏற்றமாட்டார்; வேறு வேலையும் அவனுக்குத் தெரியாது. அதனால் மனைவி சௌந்திரத்திடம்கூட மூச்சுவிடவில்லை. மழைக்கு வண்டி ஊர் திரும்பும் மாதங்களில் அவளை வலது பக்கமே உட்கார வைத்துச் சமாளித்தான். காதில் விழாததற்கெல்லாம் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிடுவான். ரிக்கில் எல்லாருக்கும் உள்ள பழக்கம்தான். அந்த இரைச்சலில் யார் பேச்சு யாருக்குக் கேட்கிறது?

இன்றைக்கு மகள் வந்து அந்த ஏற்பாட்டைக் கெடுத்தாள். "அப்பா, நீங்க செவுத்தோரமா உக்காருங்க. அம்மா, நீ இந்தப் பக்கம்." சௌந்திரம் இடது பக்கம் வந்துவிட்டாள்.

இரண்டு சுற்று உதட்டைப் பார்த்தே தப்பித்தான். மூன்றாவது சீட்டை சௌந்திரம் எடுத்தாள். படித்துவிட்டுச் சீட்டைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"சாமி, அடுப்புல பால் இருக்குது. டீ போட்டுக்கிட்டு வா," என்று மகளை உள்ளே அனுப்பினாள்.

பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தணிந்த குரலில் என்னவோ கேட்டாள். அவனுக்கு ஓர் எழுத்தும் விழவில்லை, உதடும் தெரியவில்லை. அவள் திரும்பிப் பார்த்ததும் வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினான்.

சௌந்திரத்தின் முகம் வெளுத்துவிட்டது. "சிரிச்சுக்கிட்டே ஆமாங்கறீங்க."

எதற்கு ஆமாம் போட்டோம் என்று தெரியாமல் முழித்தான் பாவி. "என்ன கேட்ட?"

"இன்னொருக்கா வேற கேக்கோணுமா?" சீட்டை அவன் மடியில் போட்டாள். 'இத்தனை நாள் கேட்கப் பயந்ததை இப்போது கேளுங்கள்' என்றிருந்தது. அவள் பீரோவைத் திறந்து சேலைகளைப் பையில் திணித்தாள். "நா ஆட்டையாம்பட்டிக்கு எங்கண்ணன் ஊட்டுக்குப் போறேன். புள்ளைக்கு நீங்களே சொல்லிக்குங்க."

சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் இவளே போய்விடுவாள். எழுந்துபோய் அவள் கையிலிருந்த சேலையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்கு இந்தக் காது கேக்காது சௌந்திரம். ரெண்டு வருசமாச்சு. நீ கேட்டது சத்தியமா விழுவல."

அவள் நம்பவில்லை. அவன் இடது பக்கம் போய் நின்று மெல்லிய குரலில் என்னவோ சொன்னாள். அவன் சுவரைப் பார்த்தபடியே நின்றான். அவள் விரல் அவன் காது மடலைத் தொட்டது.

வலது பக்கம் சுற்றி வந்தாள். "வடக்க வேற பொம்பள இருக்குதான்னு கேட்டேன். நா என்ன பேசுனாலும் சிரிச்சுத் தலையாட்டுனா, மனசு வேற எங்கியோ இருக்குதுன்னுதான நெனப்பேன்?"

"இல்ல புள்ள. யாரும் இல்ல."

அவள் அழுதாள். அழுதுகொண்டே அடுத்ததையும் கேட்டாள். "மறுக்காவும் ரிக்குக்குப் போவீங்களா? இருக்கற காதையும் தொலைக்கோணுமா?"

பழக்கதோஷம், அவன் தலை ஆடத் தொடங்கியது. சௌந்திரம் அவன் மோவாயை இறுக்கிப் பிடித்து நிறுத்தினாள். "வாயில சொல்லுங்க."

யுவஸ்ரீ மூன்று டம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"போகல," என்றான் சிவக்குமார், இரண்டு பேருக்கும் கேட்கும்படி.