டீச்சரின் மகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதை நானாக எழுத உட்காரவில்லை. கைவிடப்பட்ட பெண்களுக்கென்று இந்த ஊரில் முதல் இல்லம் திறந்தவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். கடைசிவரை எல்லோருக்கும் டீச்சர்தான். அவருடைய நூற்றாண்டு மலருக்கு இரண்டு பக்கம் கேட்டார்கள். 'மெழுகாய் உருகி ஒளி தந்த அந்த...' என்று தொடங்கினேன். இப்படி எத்தனை பேரைத்தான் உருக்குவது? விட்டுவிட்டேன்.

2

டீச்சரின் மகளைப் போய்ப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். இல்லத்தை இப்போது நடத்துவது அவர்தான். துவைத்த போர்வைகளை மடித்தபடியே பேசினார். அடிபட்டு வந்த பெண்களைச் சேர்த்ததற்கு ஊரே காறித் துப்பியதாம். நானா அவர்களா என்று கணவர் கேட்டபோது, டீச்சர் கணவரின் பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாராம்.

(இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். மகள் சிரிக்கவில்லை. போனது அவருடைய அப்பா அல்லவா.)

"இங்க வளர்ற தாயில்லாத பிள்ளைங்க மனசு நோகும்னு என்னையும் டீச்சர்னுதான் கூப்பிடச் சொன்னாங்க. அம்மான்னா திரும்ப மாட்டாங்க."

3

அதன்பிறகு எனக்கு டீச்சரைப் பிடிக்காமல் போய்விட்டது. பிடிக்காதவரை வைத்துக்கொண்டு கதை நகர மறுத்தது. ஒரு முடிவைச் சோடித்தேன்: படுக்கையில் கிடக்கும் டீச்சர் மகளின் கையைப் பிடித்து, 'ஒரு தடவை அம்மான்னு கூப்பிடுடி' என்கிறார். மகள் கண்ணீரோடு...

மகளிடம் இதுவரை படித்துக் காட்டினேன். அப்படியெல்லாம் நடக்கவில்லை என்றார். டீச்சரின் கடைசி நாட்களில் இவரே துணிந்து, காதருகே குனிந்து அம்மா என்று கூப்பிட்டுப் பார்த்தாராம். டீச்சர் கண்ணைத் திறக்காமலே கேட்டாராம்:

"புதுசா வந்திருக்கியா? சாப்பிட்டியாம்மா?"

4

(இதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.)

கோபம் வரவில்லையா என்று கேட்டேன். வந்தது, இன்னும் போகவில்லை என்றார். பிறகு ஏன் இங்கேயே இருக்கிறீர்கள் என்றேன். பதில் வருவதற்குள் வாசலில் மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உதடு வீங்கிய ஒரு பெண், கையில் துணிப்பை.

மகள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"முடிவ நீங்களே எப்படியாவது எழுதிக்குங்க. எனக்கு வேலை கிடக்கு."

எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அம்மாவை மன்னித்துவிடுகிறார். இன்னொன்றில் மன்னிக்கவே இல்லை. இரண்டிலும் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறார். எதை வைத்துக்கொள்வதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அசதியாக இருக்கிறது.