சண்டை போட ஓர் இடம்

பேகம்பேட் அலுவலகத்திலிருந்து திரும்பிய புஷ்பா, ஹப்சிகுடா பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். வீடு பின்தெருவில்தான். ஆனாலும், மல்லாபூர் தொழிற்சாலையிலிருந்து ஜெயச்சந்திரன் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கும்வரை அவள் எழுந்திருக்க மாட்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் சண்டை போட அவர்களுக்கு அந்த இடம்தான் இருந்தது. அம்மாவையும், பக்கவாதம் வந்த அப்பாவையும் அவன் விருதுநகரிலிருந்து அழைத்து வந்தபின், வீட்டின் ஒரே படுக்கையறை அவர்களுக்குப் போயிற்று. இவர்கள் கூடத்தில் படுத்தார்கள். கிசுகிசுத்தால்கூட உள்ளே இருமல் சத்தம் நின்றுவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. ஹாரன் சத்தத்தில் எவ்வளவு கத்தினாலும் யாரும் திரும்புவதில்லை. திரும்பினாலும் இந்தத் தெலுங்கு ஊரில் யாருக்கும் தமிழ் புரியாது. சில நாள் சண்டை போடவும் தெம்பில்லாமல் சும்மா உட்கார்ந்துவிட்டு எழுந்து போவார்கள்.

அவன் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் புஷ்பா சொன்னாள்.

"ஆபீஸ்ல புனேவுக்குப் போகச் சொல்றாங்க. சரின்னுட்டேன்."

"என்னைய ஒரு வார்த்தை கேக்கல."

"எங்க வச்சுக் கேக்க? நேத்து வாயத் தொறந்ததும் அத்தை எந்திரிச்சு வந்துட்டாங்க."

"அப்பாவ யாரு பாத்துக்குவா?"

"இத்தன நாளும் யாரு பாத்தான்னு இப்பவாவது தெரியுதா?"

அவள் குரல் உடைந்தது. இருக்கையின் மறுமுனையில் இருந்த ஒரு பெரியவர் சங்கடத்துடன் எழுந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ. நானும் தமிழ்தான். அந்தப் பக்கம் போய் நிக்கறேன்."

புஷ்பாவின் முகம் சிவந்தது. இருந்த ஓர் இடமும் போயிற்று. அவர் தள்ளிப்போய் நின்றார். வீட்டுக்குப் போகவும் கால் வரவில்லை. ஏதோ ஒரு பஸ் வந்து நின்றது. அவள் எழுந்து ஏறினாள். பலகையைக்கூடப் பார்க்காமல் அவனும் ஏறினான்.

முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் ஆண்கள். நடுவில் பிதுங்கும் கூட்டம். அவளுடைய பின்னந்தலை மட்டும் அவனுக்குத் தெரிந்தது. காலையில் வாரிய தலை கலைந்து கிடந்தது. இந்த முடியை இப்படி நின்று பார்த்து எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்தான். கேட்க வேண்டியதைக் கூட்டத்துக்கு மேலாகக் கத்தினான்.

"புஷ்பா! திரும்பி வருவேல்ல?"

பஸ்ஸே அவனைப் பார்த்தது. அவளும் திரும்பினாள். உதடுகள் அசைந்தன. அதற்குள் பஸ் குலுங்கித் திரும்ப, மேல்கம்பியைப் பற்ற நீண்ட யாரோ ஒருத்தியின் வளையல் கை அவள் முகத்தை மறைத்தது.