சகின்பாயின் வெளிநாட்டுக்காரர்கள்

கிர்கிஸ்தான் எல்லையில், அக்பெல் கணவாயில் சகின்பாய்க்கு நான்கு கம்பளிக் கூடாரங்கள் உண்டு. கோடையில் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவார். வருகிற ஒவ்வொருவனும் வியர்வையைத் துடைப்பதற்கு முன்னால் கேட்பது ஒரே கேள்விதான். பாலத்தைத் தாண்டிக் கசாக்ஸ்தானுக்குள் போக வெளிநாட்டுக்காரர்களை விடுவார்களா?

"விடுவாங்க, விடுவாங்க. தாராளமா போங்க," என்பார் சகின்பாய்.

விடமாட்டார்கள். பாலத்து எல்லைச் சாவடி கிர்கிஸ்காரர்களுக்கும் கசாக்காரர்களுக்கும் மட்டும்தான். வேறு நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவன் தடுப்புக் கட்டை வரைக்கும் போய், மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருவான். அதற்குள் பொழுது சாய்ந்திருக்கும். சகின்பாயின் கூடாரத்தை விட்டால் வேறு ஏது கதி? இன்னொரு ராத்திரி தங்கல், இன்னொரு வேளைச் சாப்பாடு. போதாததற்கு, வந்தவனைவிட இவர் அதிகமாக அங்கலாய்ப்பார். "நேத்து வரைக்கும் விட்டாங்களேப்பா! இந்த ஆபீசருங்களை நம்பவே முடியாது," என்று தலையில் அடித்துக்கொள்வார். பாவம், அவர்கள் இவரைத் தேற்றிவிட்டுப் போய்ப் படுப்பார்கள்.

பொய் சொல்கிறோமே என்ற உறுத்தல் மனிதருக்குத் துளியும் கிடையாது. என்றைக்காவது திறக்கத்தானே போகிறார்கள், நாம் கொஞ்சம் முந்திச் சொல்கிறோம் என்பது அவர் கட்சி.

அன்றைக்குக் காலையிலும் சைக்கிளில் வந்த ஒரு டச்சுத் தம்பதியை அப்படித்தான் சிரித்த முகத்தோடு வழியனுப்பினார். அவருக்கு அன்று தலைக்கு மேல் வேலை. பேரனின் கயிறறுப்பு விருந்து. நடக்கத் தொடங்கிய பிள்ளையின் கால்களைக் கருப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கயிற்றால் தளர்த்திக் கட்டுவார்கள். சிறுபிள்ளைகளை ஓடவிட்டு, முதலில் வந்த பிள்ளை கையால் அதை அறுக்க வேண்டும். அறுக்காமல் விட்டால் பிள்ளை ஆயுசுக்கும் தடுக்கித் தடுக்கி விழும். மாஸ்கோவில் டாக்சி ஓட்டும் மகன் நூர்தின், மனைவி பிள்ளையோடு அன்று மதியம் வந்து சேர வேண்டும். பேரனை சகின்பாய் போனில்தான் பார்த்திருக்கிறார். கொப்பரையில் ஆடு வெந்துகொண்டிருந்தது. சொந்தபந்தம் எல்லாம் வந்து இறங்கியாகிவிட்டது.

அப்போதுதான் சாவடியிலிருந்து கேப்டன் மெதெர்பெக் போன் செய்தான். சகின்பாயின் மனைவி புருல்சாவுக்கு அண்ணன் மகன்.

"மாமா, இன்னிக்கு உங்க வெளிநாட்டுக்காரங்க ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டு என் உசிரை வாங்குறாங்க."

"ரெண்டு பக்கமுமா? நான் இங்கேருந்து ஒரு ஜோடியைத்தானேடா அனுப்பினேன்?"

"அந்தப் பக்கத்துலேருந்து ஒருத்தரு குடும்பத்தோட வந்திருக்காரு. பேரு நூர்தின். அப்பா பேரு சகின்பாய்."

சகின்பாய் குதிரையில் ஏறிப் பறந்தார். பின்னாலேயே புருல்சாவும் மொத்தக் கூட்டமும் கிளம்பினார்கள்.

பாலத்தின் அந்தக் கோடியில் நூர்தின் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றான். இந்தக் கோடியில் டச்சுக்காரர்கள் சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்கள்.

"டேய், அவன் என் மகன்டா! அவன் எப்படிடா வெளிநாட்டுக்காரன் ஆவான்?" என்று குதித்தார் சகின்பாய். "வெளிநாட்டுக்காரன்னா இதோ, இந்த மாதிரி அரை டவுசர் போட்டுக்கிட்டு சைக்கிள்ல வருவான்!"

"பாஸ்போர்ட் ரஷ்யாவுது மாமா. கம்ப்யூட்டர்ல ஏற மாட்டேங்குது. நான் என்ன பண்ணட்டும்?"

உண்மைதான். வேலைக்காக நூர்தின் அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கியபோது, அதன் படத்தை ஊர் முழுக்கக் காட்டிப் பீற்றிக்கொண்டவரே சகின்பாய்தான். அதற்கப்புறம் மகன் விமானத்தில் தலைநகருக்கே நேராக வந்து போனதால், அவன் இன்னொரு நாட்டுக்காரன் என்பது வீட்டில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கசாக்ஸ்தானில் இருக்கும் மாமியார் வீட்டைப் பார்த்துவிட்டு அந்த வழியாக அவன் வந்தது இதுதான் முதல் தடவை.

"எல்லா நாட்டுக்காரங்களையும் விடுற பெரிய சாவடி வழியா சுத்தி வரச் சொல்லேன்," என்றார்.

"வந்து சேரவே நாளைக்கு ஆயிடும். நாளன்னிக்கு மாஸ்கோவுல வேலைக்கு நிக்கணுமாம். கேட்டுட்டேன்."

கண்ணெதிரே பேரன். அவன் தொப்பியின் குஞ்சம்கூடத் தெரிகிறது. கிட்டே கொண்டுவர வழியில்லை.

புருல்சாதான் முன்னால் வந்தாள். "ஏன்டா மெதெர், அவன் இங்க வரக் கூடாது. சரி. நான் அங்க போகலாமா?"

"உங்க அடையாளக் கார்டு கிர்கிஸ் கார்டு. தாராளமா போங்க அத்தை."

"இவங்க எல்லாரும்?"

கேப்டன் கூட்டத்தைப் பார்த்தான். கிழவர்கள், மருமகள்கள், பந்தயத்துக்காக வெறுங்காலோடு வந்த பொடிசுகள். அவன் முகத்தில் ஈயாடவில்லை. "போகலாம் அத்தை," என்றான் பரிதாபமாக.

மகன் உள்ளே வர முடியாததால் ஊரே வெளிநாடு போக வரிசை கட்டியது. கேப்டன் முத்திரை குத்திக் குத்திக் கை ஓய்ந்தான். கடைசியில், வண்டியில் கொப்பரை வந்தது.

"இது போகாது. கறி எல்லை தாண்டக் கூடாது."

"வெந்த கறிடா பாவி!" என்றார் சகின்பாய்.

"வேகாட்டியும் கூடாது, வெந்தாலும் கூடாது. வறுத்த மாவுப் பண்டத்தை வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

கொப்பரையை நாய்க்கு விட்டுவிட்டுப் போக முடியுமா? இந்தப் பக்கமே இருந்தாக வேண்டியவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். புருல்சா டச்சுக்காரர்களைக் கொப்பரையருகே உட்கார வைத்துக் கையைக் காட்டினாள்: சாப்பிடுங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள். தலையான விருந்தாளிக்கு உரிய ஆட்டுத்தலையை அந்த அரை டவுசர்காரர் தட்டில் வைத்தாள். அவர் அதன் கண்ணைப் பார்த்தார், அது இவரைப் பார்த்தது. பாலத்தைக் கடந்துகொண்டே திரும்பிப் பார்த்த சகின்பாய்க்கு வயிறு பற்றி எரிந்தது.

அந்தக் கரையில் புல்வெளியில் துணியை விரித்து, தேநீரும் வறுத்த மாவுருண்டையுமாக விருந்து நடந்தது. கசாக் காவலர்களும் வந்து உட்கார்ந்துகொண்டார்கள். பிள்ளைகள் ஓடினார்கள். பக்கத்து வீட்டு ஐசாதா முதலில் வந்து கத்தியை வாங்கிக் கயிற்றை அறுத்தாள். பேரன் இரண்டு எட்டு வைத்து, தள்ளாடி, நின்று, சகின்பாயின் முழங்காலைக் கட்டிக்கொண்டான். பெண்கள் கூவினார்கள். சகின்பாய் அழுதுவிட்டார். அதை மறைக்கவும் இல்லை.

நூர்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மன்னிச்சிடுங்க அத்தா. நம்ம வீட்டு வாசல்ல நடக்க வேண்டியது."

"நீ என்னடா பண்ணுவ? யாரோ ஒரு மடையன் திறந்திருக்குன்னு சொல்லியிருப்பான்."

"போன்ல, பயணம் போறவங்க எழுதுற பக்கத்துல நிறைய பேரு மூடியிருக்குன்னுதான் எழுதியிருந்தாங்க. ஒருத்தரு மட்டும் திறந்திருக்கு, அங்கேயே கூடாரம் போட்டிருக்கிற சகின்பாய் சொன்னாருன்னு எழுதியிருந்தாரு." நூர்தின் தேநீரைக் கீழே வைத்தான். "மத்தவங்க எழுதினதை நான் நம்பலை. உங்க பேரு இருந்துச்சே அத்தா."

அவன் குத்திக் காட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். சகின்பாயை வெட்கம் பிடுங்கித் தின்றது. பேரனின் தொப்பியைச் சரி செய்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

சாவடி மூடும் நேரம் வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நூர்தின் தகப்பனைக் கட்டிக்கொண்டு, "அடுத்த தடவை சுத்தியே வர்றேன்," என்றான். அது எந்த வருஷம் என்று யாரும் கேட்கவில்லை. கேப்டன் சகின்பாயின் கார்டைப் பார்க்காமலேயே முத்திரை குத்தினான். பின்னால் புருல்சா வீறிட்டாள். கால் விடுபட்ட பேரன் தாத்தாவைத் தொடர்ந்து பாலத்தில் பாதி வந்துவிட்டான். நூர்தின் ஓடிவந்து அவனை வாரித் தூக்கிக்கொண்டு போனான். பிள்ளை தகப்பன் தோளுக்கு மேலாகச் சகின்பாயைப் பார்த்துக் கையை நீட்டிக் கத்திக்கொண்டே போயிற்று.