இன்றைய மழை அளவு

அண்ணன் கையில் மழைமானிக் குடுவையைப் பார்த்ததும் அவள் எழுந்து வந்தாள்.

"அதுல இருந்த தண்ணி எங்க அண்ணே?"

"வாசல்ல கொட்டிட்டேன். அப்பாவக் குளிப்பாட்ட பாத்திரம் பத்தல. ஏன்?"

அப்பா ஒரு நாள் விடாமல் அளந்த மழை. மகன் கல்யாணத்தில் மாலை மாற்றும் நேரத்துக்குக் காணாமல் போய், அளந்துவிட்டு வந்து நின்றவர். கடலோரத்தில் எல்லா ஊர்க் கணக்கிலும் ஓட்டை இருக்கிறது, இந்த ஊர்க் கணக்கில் இல்லை. அளக்கிறவருக்கென்று வானிலை ஆபீஸ் கொடுத்ததுதான் இந்த வீடு. ஆள் இல்லையென்றால் சாவியைக் கொடுக்க வேண்டும். அப்பா படுக்கையில் விழுந்ததிலிருந்து அளப்பது அவள். அண்ணனுக்கு வெளியூரில் லாரி ஓட்டுகிற வேலை.

போன் அடித்தது.

"ஆபீஸ்காரர். எடுடி" என்றாள் அம்மா.

"அண்ணன்தான் கொட்டிடுச்சே. என்னத்தச் சொல்ல?"

"ராத்திரி பூரா முழிச்சுதான கெடந்த. பேஞ்சது தெரியாதா? ஒண்ணச் சொல்லு."

"தெரியலன்னே சொல்லிடறேம்மா. வேற ஆள் போடட்டும். திங்கக்கிழமை நான் மில்லுல சேரணும்."

அம்மா நிமிர்ந்தாள். "சேரு. தாராளமாப் போ. நான் உங்கண்ணன் வீட்டு வாசல்ல படுத்துக்கறேன்."

அண்ணன் குடுவையைக் கீழே வைத்தான். அண்ணி எதற்கோ அடுக்களைக்குள் போனாள். போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

அவள் எடுத்தாள். "நாப்பத்திரண்டு மில்லிமீட்டர் சார்."

"சரிம்மா. அப்பாவுக்கு எப்படியிருக்கு?"

"விடியக்காலையில போயிட்டாரு."

"ஐயோ" என்றார் அவர். பிறகு, "இந்த நெலமையிலயும் அளந்திருக்கியே! அவரு பொண்ணுல்ல. ஒன்னையே போடச் சொல்லி மேல எழுதறேன். எங்கயும் போயிடாத, என்ன?"

"சரிங்க சார்."

மதியம் தூக்குகிற நேரத்தில் மழை திரும்பப் பிடித்துக்கொண்டது. செருப்பை மாட்டிக்கொண்டு நின்றவர்கள் வாசலிலேயே தயங்கினார்கள். வண்டிக்காரர் தலையைத் துவட்டியபடி, முன்பெல்லாம் அப்பாவிடம் கேட்டதுபோல் அவளிடம் கேட்டார்.

"ஏம்மா, எப்ப விடும்?"

எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தாள். மேகம் நகரவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் விடாதுங்க."

வண்டிக்காரர் மறுபேச்சில்லாமல் தார்ப்பாயை இழுத்து மூடினார். செருப்புகளைக் கழற்றிவிட்டு எல்லோரும் சுவரோரம் திரும்ப உட்கார்ந்தார்கள். நகர்ந்து, அவளுக்கும் கொஞ்சம் இடம் விட்டார்கள்.