யூரா கலெத்தா தோளில் சுமந்தது

ரூட்னாவின் இரண்டு போர் நினைவுத் தூண்களிலும் சேர்த்து முப்பத்தொரு பெயர்கள் செதுக்கியிருக்கின்றன. அவற்றில் யூரா கலெத்தா என்கிற பெயர் மட்டும் ஒவ்வொரு ஜனவரி இருபத்தாறாம் தேதியும் பிற்பகல் மூன்று பத்துக்குத் தன் தூணைவிட்டு இறங்கி, பாலத்தில் நடந்து, அக்கரைத் தூணில் ஏறிக்கொள்ளும். ஒரு வருஷம் அங்கே இருந்துவிட்டு அடுத்த ஜனவரியில் திரும்பி வரும். எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் போகும். கடைசி எழுத்து எப்போதும் கொஞ்சம் பின்தங்கும். பனி அதிகமான வருஷங்களில் முன்னால் போனவை நின்று அதற்காகக் காத்திருக்கும். பாலத்தின் நீளம் எண்பத்தாறு மீட்டர். பெயருக்கு இருபது நிமிஷம் ஆகும்.

1919 ஜனவரியில் செக்குகளும் போலந்துக்காரர்களும் இந்த நிலக்கரிக்கும் ரயில் பாதைக்கும் ஏழு நாள் சண்டை போட்டார்கள். மறு வருஷம் எங்கோ தொலைவில் ஒரு மேசைமீது வரைபடத்தை விரித்து, ஆற்றை எல்லையாக்கினார்கள். மேற்கு ரூட்னா செக்குகளுக்கு, கிழக்கு ரூட்னா போலந்துக்கு. தேவாலயம் அந்தப் பக்கம் போனது, அதன் கல்லறைத் தோட்டம் இந்தப் பக்கம் நின்றது. இரண்டு கரையிலும் தூண் எழுப்பியபோது யூரா கலெத்தாவை இரண்டிலுமே செதுக்கினார்கள். ஒரே வருஷத்தில் ஒன்று காணாமல் போனது, மிச்சமிருந்தது நடக்கத் தொடங்கியது. 1938-இல் போலந்துப் படை பாலம் கடந்து வந்து மேற்குத் தூணை இடித்தது. பெயர் அடுத்த ஜனவரியில் இடிபாட்டுக் குவியலின்மேல் போய் உட்கார்ந்தது. அடுத்து வந்த ஜெர்மானியர்கள் இரண்டையும் உடைத்தார்கள். ஆறு வருஷம் அது இந்தத் தபால் நிலையச் சுவருக்கும் அந்தத் தபால் நிலையச் சுவருக்குமாகப் போய்வந்தது. பிறகு தூண்களைத் திரும்பக் கட்டினார்கள். 1958-இல் பெயர்மேல் சிமெண்ட் பூசிப் பார்த்தார்கள். சிமெண்டைத் துளைத்துக்கொண்டு இறங்கிப் போனது. ஊர்க்காரர்களுக்கு எல்லாம் பழகிவிட்டது. அன்று சூடான ஒயின் விற்பவனுக்கு நல்ல வியாபாரம்.

பழகாதவர்கள் ஆராய்ச்சியாளர்கள்தான். யூரா கலெத்தா தங்கள் நாட்டுக்காகப் பாலத்தில் இயந்திரத் துப்பாக்கி சுமந்து விழுந்த வீரன் என்று கிழக்குக் கரையில் ஆறு புத்தகங்கள் வந்தன, மேற்கில் ஏழு. அவனுடைய தாய் எந்த மொழியில் ஜெபித்தாள், சித்தப்பா மகன் எந்தப் பள்ளிக்குப் போனான், மக்கள்தொகைக் கணக்கில் வீட்டு மொழி என்று எதைச் சொன்னான் என்றெல்லாம் அடிக்குறிப்புகள் போட்டார்கள். தேசிய அடையாளம் பற்றிய மாநாடுகளில் அவனுக்கென்றே ஒரு முழு அமர்வு ஒதுக்குவார்கள். பாதி அமர்வில் யாராவது வெளிநடப்பு செய்வார்கள்.

1993 இலையுதிர் காலத்தில் இரு கரை வரலாற்று நிறுவனங்களும் முதன்முறையாகக் கூட்டாக ஒரு நூல் வெளியிட ஒப்புக்கொண்டன. எழுபத்தைந்தாம் ஆண்டு நினைவு நூல். கடைசியில் ஓர் அட்டவணை: இறந்தவர் பெயர், வயது, படைப்பிரிவு, நாடு. முப்பது வரிகள் ஒரே மாலையில் நிரம்பின. முப்பத்தொன்றாவது வரியை நிரப்புகிற ஆளை ஏதோ ஒரு கரை சாகும்வரை காறித் துப்பும். அதனால் மேற்கு நிறுவனத் தலைவர் க்வாபில் அந்த வேலையை ஹெர்மினா ஹெச்கோவுக்குக் கொடுத்தார். அவளுக்கு வயது இருபத்தேழு. சுரங்கத் தொழிலாளியின் மகள், அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள். அவளுடைய தற்காலிக நியமனம் ஜனவரி முப்பத்தொன்றோடு முடிகிறது. அட்டவணை முடிந்தால் வேலை நிரந்தரம் என்றார் க்வாபில்.

"உனக்கு எந்தப் பக்கமும் பெரிய சொந்தம் கிடையாது. அதான் உன்னைப் போடுறேன்" என்றார்.

"ரெண்டு பக்கமும் சொந்தம் இருக்கு சார். பெரிய சொந்தம்தான் இல்ல."

அவர் அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார். நெஞ்சு முழுக்கக் கரித்தூளோடு வீட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவளுடைய அப்பாவோ, பீர்க்கடையில் பார்த்தவரிடமெல்லாம் தன் மகளுக்கு நிரந்தர வேலை என்று அப்போதே சொல்லிவிட்டிருந்தார்.

இரண்டு நாடுகளின் ராணுவ ஆவணக் காப்பகங்களிலும் ஹெர்மினா குளிர்காலத்தின் முதல் பாதியைக் கழித்தாள். ஒரு காப்பகத்தில் பென்சிலைத் தவிர எதையும் உள்ளே விடமாட்டார்கள். மற்றதில் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும், மூன்றாம் நாள் தவறான கட்டு வரும். டிசம்பரில் இரு படைகளின் அன்றாடக் குறிப்பேடுகளும் அவள் கைக்கு வந்தன. செக் குறிப்பேட்டில் இருந்தது: மூன்று பத்து, பாலத்தில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக்காரன் ஒருவன் சுட்டு வீழ்த்தப்பட்டான். போலந்துக் குறிப்பேட்டிலும் அதுதான் இருந்தது: மூன்று பத்து, பாலத்தில் எதிரியின் இயந்திரத் துப்பாக்கிக்காரன் ஒருவன் சுட்டு வீழ்த்தப்பட்டான். ஹெர்மினா இரண்டு நகல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகுதான் பதின்மூன்று புத்தகங்களும் எப்படி எழுதப்பட்டன என்பது அவளுக்கு விளங்கியது. ஒவ்வொரு கரையும் அடுத்தவன் குறிப்பேட்டைத் தேடிப் படித்திருக்கிறது. அவர்கள் எதிரி என்று சுட்டிருக்கிறார்கள், ஆகவே அவன் நம்மவன். தன் குறிப்பேட்டின் அதே பக்கத்தை ஒவ்வொரு கரையும் படித்துவிட்டு மூடி வைத்திருக்கிறது. படிக்காமல் விட்டார்கள் என்று நம்புகிற அளவுக்கு அவள் நல்லவள் இல்லை.

இன்னொன்றும் அவளை உறுத்தியது. துப்பாக்கியைக் கைப்பற்றிய படை அதன் எண்ணைக் குறித்து வைக்கும். இரண்டு குறிப்பேட்டிலும் எண் இல்லை. சுரங்கத்தில் ஒரு மண்வெட்டி தொலைந்தாலே மூன்று பேர் விசாரிக்க வருவார்கள் என்பது வீட்டில் கேட்டு வளர்ந்த செய்தி. ஓர் இயந்திரத் துப்பாக்கி எப்படித் தொலையும்?

யூரா கலெத்தாவின் மகள் ஸுஸ்கா மேற்குக் கரையில் பாலத்தை ஒட்டிய முதல் வீட்டில் இருந்தாள். எழுபத்தொன்பது வயது. நிலக்கரியிலிருந்து கோக் எடுக்கும் ஆலையின் உணவகத்தில் முப்பது வருஷம் சமைத்தவள். ஹெர்மினா போனபோது அவள் சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பன்றி அடிக்கும் பருவம்.

"நீயும் எங்கப்பா எந்த மொழியில ஜெபம் பண்ணாருன்னு கேக்க வந்தியா? முன்னாடி வந்தவனுங்க கிட்ட சொன்னதுதான். ஜெபம் எப்படியோ, பசிச்சா ரெண்டு மொழியிலயும் திட்டுவாரு. எழுதிக்கோ."

"இல்ல அத்தை. தோள்ல என்ன வெச்சிருந்தாருன்னு கேக்க வந்தேன்."

ஸுஸ்கா பூண்டைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் அதைக் கேட்கவில்லை என்றாள். மூலையில் நின்ற ஒன்றின்மீதிருந்த துணியை எடுத்தாள். கறியைக் குடலில் திணிக்கும் இயந்திரம். வார்ப்பிரும்பு உடம்பு, பக்கவாட்டில் கைப்பிடி, முன்னால் நீண்ட குழாய். இரு கரையிலும் ஒன்பது வீடுகளுக்கு அது ஒன்றுதான் இருந்தது. பன்றி அடிக்கும் வீட்டுக்கு முறைவைத்துப் போகும். அன்று கிழக்குக் கரை பிஷ்கோ வீட்டு முறை. சண்டை நடக்கிறது, நாளைக்குக் கொண்டு போ என்று அம்மா சொன்னதற்கு, பன்றியை அறுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள், கறி கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டு அப்பா தோளில் தூக்கிக்கொண்டு போனார். குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. இரும்பு உடம்பின் முன்புறம் ஒரு நசுங்கல், பின்புறம் ஒரு நசுங்கல். அம்மா அப்பாவின் உடலைக் கழுவியபோது நெஞ்சில் ஒரு காயமும் முதுகில் ஒரு காயமும் இருந்தன.

"அதுக்கப்புறம் பாலம் எல்லையாயிடுச்சு. பாஸ்போர்ட் கேட்டானுங்க, சுங்கம் கேட்டானுங்க. மெஷின் இந்தப் பக்கமே சுத்திட்டிருக்கு. பிஷ்கோ வீட்டு முறை இன்னும் பாக்கி" என்றாள் ஸுஸ்கா.

ஹெர்மினா எல்லாவற்றையும் பதினொரு பக்கத்தில் எழுதிக் க்வாபிலிடம் கொடுத்தாள். நாடு என்கிற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தாள். இரண்டு நாளில் அவர் கூப்பிட்டனுப்பினார். கிழக்கு நிறுவனத் தலைவரும் உட்கார்ந்திருந்தார். யூரா கலெத்தா விஷயத்தில் இரு நிறுவனங்களுக்கும் எழுபத்தைந்து வருஷத்தில் வந்த முதல் கருத்தொற்றுமை அன்று ஏற்பட்டது: அந்த இயந்திரம் அச்சில் வரக்கூடாது. அதற்குமேல் ஒற்றுமை நீடிக்கவில்லை. கட்டத்தில் எதை எழுதுவது என்று கத்திவிட்டுக் கிழக்குக்காரர் கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

க்வாபில் கதவைச் சாத்தினார். "தேசம் ஒரு வீரனை இழக்கலாம். ஒரு கசாப்பு சாமானுக்காக இழக்க முடியாது. நம்ம நாட்டுப் பேரை எழுது. இருபத்தாறாம் தேதி பாலத்துல நின்னு நீயே வாசிக்கணும். மறுநாள் நிரந்தர ஆணையில கையெழுத்துப் போடறேன்."

"ரெண்டு பேரும் சேர்ந்து கொன்னுட்டு, ரெண்டு பேருமே மாலை போடறீங்க. வெக்கமா இல்லையா சார்?"

"உங்கப்பாகிட்ட கேட்டுட்டு வந்து பேசு" என்றார் க்வாபில். அவள் எதைக் கண்டு பயப்படுவாள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அவள் அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் எழுது என்பார், எழுதிவிடுவோம் என்று பயந்தாள்.

அந்த வருஷம் பெயர் மேற்குத் தூணில் இருந்தது, கிழக்குக்குப் போக வேண்டிய முறை. இருபத்தைந்தாம் தேதி நகராட்சி ஆட்கள் பெயரின்மேல் விரற்கடை தடிமனுள்ள எஃகுத் தகட்டை எட்டு போல்ட் போட்டு முடுக்கினார்கள். செய்தி அக்கரைக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மறுநாள் மதியம் கிழக்குப் பாலமுனையில் எழுநூறு பேர் நின்றார்கள். பாதிப் பேர் கையில் கடப்பாரை. மேற்கு முனையிலும் அதே அளவு கூட்டம், கையில் கொடிக்கம்பு. நடுவே இரு நாட்டு எல்லைக் காவலர்கள் துப்பாக்கியோடு. எல்லாரும் இளவயதுக்காரர்கள், எல்லாருக்கும் கை விறைத்திருந்தது. மூன்று பத்துக்குப் பெயர் வராவிட்டால் கிழக்குக் கூட்டம் பாலத்தில் ஏறும் என்று இரு கரையிலும் தெரிந்திருந்தது. ஒயின் விற்பவன் அன்று கடை போடவில்லை.

மூன்று மணிக்கு மேடையில் இருக்க வேண்டிய ஹெர்மினா ஸுஸ்காவின் சமையலறையில் இருந்தாள். மெஷினைக் கேட்டாள்.

"தர்றேன். ஆனா ஒண்ணு. ஊருக்குக் காட்டிட்டுத் திரும்பத் தூக்கிட்டு வராத. பிஷ்கோ வீட்டுல குடுத்துட்டு வா. முறைன்னா முறை" என்றாள் ஸுஸ்கா.

இயந்திரம் இருபத்திரண்டு கிலோ. ஹெர்மினா அதை வலது தோளில் ஏற்றி, குழாயை முன்னால் விட்டு, பாலத்தில் நடக்கத் தொடங்கினாள். மேற்குக் காவலர்கள் என்னவென்று புரியாமல் அவளைப் போகவிட்டார்கள். மேடையிலிருந்த க்வாபில் அவள் பெயரை ஒருமுறை கூப்பிட்டார். பாலத்தின் கால்வாசி கடந்தபோது கிழக்குக் காவலர்களில் ஒருவன் எதையோ கத்தினான். உடனே இரண்டு பக்கமும் துப்பாக்கிகள் உயர்ந்தன. முன்னாலிருப்பவை அவளுக்குத் தெரிந்தன. முதுகுக்குப் பின்னால் இருப்பவை சத்தத்தில் தெரிந்தன. கீழே வை, கீழே வை என்று இரண்டு மொழியிலும் கத்தினார்கள். கீழே வைத்தால் வேலை முடியாது. நடந்தாள். தோள் எரிந்தது. யூரா கலெத்தா இவ்வளவு தூரம் வந்திருப்பாரா, இதற்கு முன்பே விழுந்திருப்பாரா என்று எண்ணினாள். அதைப் பதின்மூன்று புத்தகங்களும் எழுதவில்லை.

பாதிப் பாலத்தில் நின்றாள். அவளுக்கு எதிரே துப்பாக்கி பிடித்திருந்தவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"சாசேஜ் மெஷின்டா. உங்க வீட்டுல பன்னி அடிச்சதே இல்லையா?"

அவன் குழாயைப் பார்த்தான், கைப்பிடியைப் பார்த்தான், துப்பாக்கியைத் தாழ்த்தினான். பக்கத்திலிருந்தவன் அவனைப் பார்த்துத் தாழ்த்தினான். அவள் முதுகுக்குப் பின்னால் இருந்தவை தாழ்வதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. அப்போது மணி மூன்று பத்து. எட்டு போல்ட்டும் இருந்த இடத்திலேயே இருக்க, பெயர் எஃகுத் தகட்டின் வழியாக வெளியே வந்து, படிகளில் இறங்கி, பாலத்தில் ஏறியது. அதன் பின்னால் மேற்குத் தூணின் மற்றப் பதினாறு பெயர்களும் இறங்கின. கிழக்குத் தூணின் பதினாலும் அந்த முனையிலிருந்து வந்தன. நடுப்பாலத்தில் எல்லாம் ஹெர்மினாவின் காலைச் சுற்றிக் கலந்தன. யூரா கலெத்தாவின் கடைசி எழுத்து வந்து சேரும்வரை முப்பது பெயர்களும் காத்திருந்து, பிறகு அவள் பின்னால் நடந்தன. கடப்பாரை வைத்திருந்தவர்கள் வழி விட்டார்கள். பிஷ்கோவின் பேரன் கதவைத் திறந்தான், இயந்திரத்தைப் பார்த்தான், தாத்தா கடைசிவரை இது எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார் என்று சொல்லி வாங்கி உள்ளே வைத்தான்.

ஐந்தரைக்குப் பெயர்கள் தூண்களுக்குத் திரும்பின, எது எதில் என்று பார்க்காமல் இடம் இருந்த இடத்தில் ஏறிக்கொண்டன. நினைவு நூல் மார்ச்சில் வந்தது, அட்டவணை இல்லாமல். ஹெர்மினாவின் வேலை ஜனவரி முப்பத்தொன்றோடு போனது. அவளுடைய அப்பா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு பீர்க்கடையில் யாரோ பாலத்துக் கதையை அவருக்கே சொல்ல, தோளில் தூக்கினது என் மகள்தான் என்று சண்டைக்குப் போய்விட்டு வந்தார். அவள் கிழக்குக் கரைத் தொழிற்பள்ளி ஒன்றில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறாள். தினம் பாலம் கடக்கிறாள். ஜனவரி இருபத்தாறு அன்று முப்பத்தொரு பெயர்களும் இறங்கும். வண்டி ஓட்டுபவர்கள் எஞ்சினை அணைத்துவிட்டு இருபது நிமிஷம் உட்கார்ந்திருப்பார்கள், மெதுவாக நடக்கும் அந்தக் கடைசி எழுத்து போனதும் கிளம்புவார்கள். இந்த வருஷம் இயந்திரம் மேற்குக் கரைக்கு வர வேண்டிய முறை.