சுயம்புவின் இருமல்

கிட்டே வாருங்கள் மக்களே, வாசலில் நிற்க வேண்டாம். பாயை இழுத்துப் போட்டு இருங்கள். ஒரு கிழவர் இருமிய இருமலைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறேன். நீங்கள் பயப்பட அதில் ஒன்றும் இல்லை. ஆனால் ஷெமி பயந்தாள்.

ஷெமிக்குப் பாலராமபுரத்தில் கைத்தறித் துணிக்கடையில் வேலை. அவளுடைய அம்மா ரெபேக்காள் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துபோனாள். பகலில் பார்க்க வீட்டில் ஆளில்லை. பெருங்கடவிளைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் பஸ் ஏறிப் போய்ப் பார்த்து வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனபோது அம்மாவின் உதடு வெடித்திருந்தது. கண் குழிக்குள் போயிருந்தது. அம்மச்சி தண்ணீரே குடிப்பதில்லை, இப்படியே போனால் ஆசுபத்திரியில் கிடத்த வேண்டி வரும் என்று டாக்டர் சொன்னதாக ஜிஜா சொன்னாள். ஜிஜா அங்கே முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண். சொல்லிவிட்டு ஒரு கிளாஸ் கருப்பட்டிக் காப்பியை ரெபேக்காளின் கையில் கொடுத்தாள். அவள் முதுகு திரும்பியதும், ரெபேக்காள் ஜன்னல் வழியே அதைச் செம்பருத்திச் செடியின் மூட்டில் ஊற்றிவிட்டாள்.

கருப்பட்டிக் காப்பி என்றால் உயிரை விடுகிறவள். அவளே மண்ணில் கொட்டுகிறாள் என்றால் அதில் என்ன கலந்திருக்கிறார்கள்? ஷெமி கிளாஸை மோந்து பார்த்தாள். அடியில் கிடந்த சொட்டை நாக்கில் வைத்தாள். இனித்தது. வயதானவர்கள் அசையாமல் கிடக்க மாத்திரை கலக்கிறார்கள் என்று ஃபோனில் வந்த வீடியோ அவள் நெஞ்சுக்குள் ஓடியது. ஏன் கொட்டினாய் என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஜிஜா ரெபேக்காளைத் தாங்கிப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப் போனாள். ஹாலில் டிவி முன்னால் ஆண்கள் சிலர் இருந்தார்கள். அவர்களில் சுயம்பு என்ற கிழவர் பலமாக இருமினார். ஜிஜா அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டார். மற்றவர்களும் திரும்பிக்கொண்டார்கள்.

அடுத்து வேறொரு பெண் எழுந்தபோதும் அதே இருமல். மற்ற நேரத்தில் மனிதருக்குத் தும்மல்கூட இல்லை. இது சைகை, வேறென்ன? அந்தப் பாட்டா அப்படித்தான் என்று ஜிஜா சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் ஷெமி சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

அம்மாவை வீட்டுக்கே கொண்டுபோய்விடுவது என்று துணிகளைப் பையில் திணித்தாள். திணித்துவிட்டு நேரே சுயம்புவிடம் போனாள்.

"யாருக்காக்கும் பாட்டா சைகை காட்டுதிய?"

கிழவர் சுவரைப் பார்த்தபடியே சொன்னார். "பெண்ணுங்க குளிக்க கொளத்துக்குப் பக்கத்துல போற ஆணு இருமிட்டு, மொகத்தத் திருப்பிட்டுதானே மக்களே போவான்? இங்க குளிமுறிக் கதவ அடைக்க மாட்டாவ. திரும்பி இருங்கலேன்னு சொன்னா இவனுவ கேக்க மாட்டானுவ. இருமினா, பழக்கதோஷத்துல திரும்பிருவானுவ."

அப்போதுதான் ஷெமி பார்த்தாள். குளியலறை ஹாலுக்கு நேர் எதிரே இருந்தது. கதவைக் கயிற்றால் ஜன்னல் கம்பியோடு கட்டி வைத்திருந்தார்கள். அவள் ஜிஜாவின் மேல் பாய்ந்தாள்.

"சேச்சிதானே சொன்னது," என்றாள் ஜிஜா. "அம்மச்சி விழுந்தவங்க, கதவ அடைக்கவே கூடாது, கண்ணு வச்சிட்டே இருக்கணும்னு. பின்ன எல்லாருக்கும் அப்படியே ஆச்சு. அவங்கட்ட நானும் ஒரு வார்த்த கேக்கேல்ல."

உண்மைதான். சேர்க்க வந்த அன்று, பக்கத்திலேயே இருந்த அம்மாவின் தலைக்கு மேலே ஷெமி சொன்ன சொல் அது.

"குடிச்சா ஒண்ணுக்குப் போவணும் மக்கா," என்றாள் ரெபேக்காள். "போனா நாலு ஆணு பாக்க இருக்கணும். அதுக்கு இப்பிடி வறண்டு கெடக்கதே மேலு."

ஷெமி அம்மாவின் காலடியில் உட்கார்ந்தாள். "அம்மைக்கு எப்பிடி வேணும்? செல்லு."

கதவைச் சாத்த வேண்டும், உள்ளே கொண்டி போட வேண்டாம். ஜிஜா வெளியே முதுகு காட்டி நிற்கட்டும், கூப்பிட்டால் வரட்டும். அவ்வளவுதான் ரெபேக்காள் கேட்டது. ஜிஜாவே கயிற்றை அவிழ்த்தாள். மற்றவர்களிடமும் கேட்கிறேன் என்றாள். பையில் திணித்த துணிகள் அலமாரிக்குத் திரும்பின.

ரெபேக்காள் ஒரு கிளாஸ் காப்பி குடித்தாள். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தாள். பிறகு ஜிஜாவின் தோளைப் பிடித்து எழுந்து போய்க் கதவைத் தானே சாத்தினாள். ஹாலில் பழக்கம் விடாமல் ஓர் இருமல் கேட்டது.

"இனி இரும வேண்டாம் அண்ணே," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "தொண்ட நோவும்."

உங்கள் வீட்டு அடுப்பில் என்றும் காப்பி மணக்கட்டும் மக்களே. அங்கே மூத்தவர்களின் கதவை அவர்கள் சொல்லும்போது திறந்து, அவர்கள் சொல்லும்போது சாத்தி, எல்லோரும் மனம் குளிர்ந்து இருங்கள்.